கிணறு என்னுடையது, தண்ணீர் யாருடையது?

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் மூன்றைத் தவறாமல் பார்த்துவிட்டு வருவார்கள்: முருகைக்கல் அடுக்கிய மதில்கள், கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள், ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்க மரம். குதிரைகள் போர்த்துக்கேய, ஒல்லாந்த காலத்தின் எச்சம். பெருக்க மரத்தின் தாய்நிலம் ஆபிரிக்கா. அரபு வணிகர்களின் கப்பல்களோடு வந்து இங்கேயும் மன்னாரிலும் வேரூன்றியது என்பது பரவலான கருத்து. மரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் படகுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மரம் தன் சொந்த நாட்டில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து நாங்கள் இன்று தொடங்கலாம். தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சு கொஞ்சம் நீளம்.

சூடான் நாட்டின் கொர்டோபான் பகுதி வறண்ட நிலம். மழை வருடத்தில் சில மாதங்கள்தான். அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருக்க மரத்தின் அடிமரத்தைக் குடைந்து, அதற்குள் மழைநீரைச் சேமித்து வந்திருக்கிறார்கள். மரத்தைச் சுற்றி ஆழமில்லாத பள்ளம் வெட்டுவார்கள். அதில் தேங்கும் நீரைத் தோற்பையால் அள்ளி, மேலேயுள்ள துவாரம் வழியாக ஊற்றுவார்கள். பெரிய மரம் ஒன்று ஆயிரக்கணக்கான லீற்றர் தண்ணீரைக் கோடைக்கென்று காத்து வைத்திருக்கும். இந்தத் தொட்டி உயிருள்ளது. குடைந்த பிறகும் மரம் தளிர்க்க வேண்டும், காய்க்க வேண்டும். மரத்தைச் சாகடித்தவர் தன்னுடைய தண்ணீரோடு பேரப்பிள்ளையின் தண்ணீரையும் சேர்த்தே அழிக்கிறார். ஆகவே எவ்வளவு எடுக்கலாம், யார் காக்க வேண்டும், யாருக்காகக் காக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஊர் பதில் வைத்திருந்தே ஆக வேண்டும்.

ஆபிரிக்கா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் கொண்ட கண்டம். அங்கே ஒரே சிந்தனை, ஒரே மரபு என்று எதுவும் கிடையாது. ஆனாலும் கானா, நைஜீரியா, கமரூன், கென்யா என்று வெவ்வேறு இடங்களிலிருந்து எழுதிய சிந்தனையாளர்கள் சூழலைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்று கேள்விகளைச் சுற்றியே வருகிறார்கள். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் வாழும் எங்களுக்கும் இதே கேள்விகள்தான். ஏன் என்பதற்கு முதலில் எங்கள் காலடியில் இருக்கும் தண்ணீரைப் பார்ப்போம்.

மிதக்கும் நன்னீர்

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை எங்கேயும் ஆறு இல்லை. ஐப்பசியில் தொடங்கும் மாரிதான் எங்கள் ஒரே வருமானம். அந்த மழை மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இறங்கி நிலத்தடியில் சேர்கிறது. ஆனால் அங்கே சுற்றிவரவுள்ள கடலிலிருந்து ஊறிய உவர்நீர் ஏற்கெனவே இருக்கிறது. நன்னீருக்குப் பாரம் சற்றுக் குறைவு. தண்ணீர்மேல் தேங்காயெண்ணெய் மிதப்பதுபோல அது உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது, தீவின் நடுவில் தடிப்பாகவும் கரையோரத்தில் மெல்லியதாகவும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 வீதம் அதிகம். அதனால் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடிக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். ஒல்லாந்தரான கைபனும் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் நூறு வருடங்களுக்கு மேல் முன்னரே தனித்தனியாகக் கண்டு சொன்ன விதி இது. கேட்க நல்ல செய்தி போலத் தெரியும். இதையே மறுபக்கமாகப் படித்துப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் அரை அடி நிலையாக இறங்கிவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் காலப்போக்கில் 20 அடி ஏறி வரும். கிணற்றில் தண்ணீர் குறைந்ததாகவே தெரியாது, வாயில் வைக்கும்போதுதான் தெரியும். அப்படி உவரான கிணறு நன்னீருக்குத் திரும்பப் பல மாரிகள் தேவைப்படும்.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இறைப்பவரின் உடல் களைப்பே ஓர் அளவுகோலாக இருந்தது. மின்மோட்டருக்குக் களைப்பு இல்லை. ஆழக் குழாய்க்கிணறு நேரே உவர்நீரின் பக்கத்துக்கே போய்விடுகிறது. இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. கிணற்றுக்கு உறுதி இருக்கிறது, வளவுக்கு வேலி இருக்கிறது. நிலத்தடியில் மிதக்கும் அந்த நன்னீருக்கு வேலி இல்லை. உங்கள் மோட்டர் இரவிரவாக ஓடினால் நாலு வளவு தள்ளியிருக்கும் கிழவியின் கிணறும் உவராகலாம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நீங்களும் உங்கள் காணிக்குள்ளேதான் இறைத்தீர்கள். சட்டப்படி குற்றவாளி யாரும் இல்லாமலே ஓர் ஊர் தன் தண்ணீரை இழந்துவிட முடியும்.

தனிமனிதன், அவனுடைய சொத்து, அவனுடைய உரிமை என்ற வரிசையில் மட்டும் யோசித்தால் இந்தச் சிக்கலுக்குக் கதவு திறக்காது. ஆபிரிக்கச் சிந்தனையாளர்கள் வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

இறந்தவரும் பிறக்காதவரும்

கானா நாட்டு மெய்யியலாளர் குவாசி விரெடு (1931–2022) தன் அக்கான் மக்களின் நில மரபை விளக்கியிருக்கிறார். அங்கே நிலம் ஒரு குடும்பத்துக்கு உரியது. அந்தக் குடும்பத்தில் இறந்துபோனவர்களும் உறுப்பினர், இப்போது வாழ்கிறவர்களும் உறுப்பினர், இன்னும் பிறக்காதவர்களும் உறுப்பினர். வாழ்கிறவர்கள் கையில் இருப்பது அனுபவிக்கும் உரிமையும் காக்கும் பொறுப்பும்தான். மூதாதையருக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் தலையாயது, அவர்கள் விட்டுப்போன நிலத்தைப் பின்வருபவர்களுக்குக் கெடாமல் ஒப்படைப்பது என்கிறார் விரெடு. ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோமே, அந்தக் கடமையின் நீட்சியாக அவர் வெட்டிய கிணற்றைக் காப்பதும் வர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். விரெடு சொல்வது உடனே விளங்கிவிடும்.

கென்யாவின் ஜோன் ம்பிட்டி, 1969இல் வெளிவந்த தன் நூலில், ஒருவர் தனித்து நின்று மனிதராவதில்லை, சமூகத்தால்தான் மனிதராகிறார் என்ற கருத்தை ஆபிரிக்க வாழ்வின் அச்சாணியாக வைத்தார். கமரூனின் கொட்பிறி தங்வா இந்தச் சமூகத்தின் எல்லையை இன்னும் விரித்தார். தன் ன்ஸோ மக்களின் பார்வையில் மனிதருக்கும் மரஞ்செடிக்கும் விலங்குக்கும் கண்ணுக்குத் தெரியாத சக்திகளுக்கும் இடையே கடுமையான கோடு இல்லை என்றும், அதனால் இயற்கையில் கை வைக்குமுன் ஒரு தயக்கமும் எச்சரிக்கையும் இருக்கும் என்றும் எழுதினார். நாகத்தை அம்மனின் அடையாளமாக வணங்கும் நயினாதீவுக்கும், கோயில் வீதி மரத்தில் கத்தி வைக்கக் கூசும் எங்கள் கைகளுக்கும் இது புதிதாக இராது.

நைஜீரியாவின் செகுன் ஒகுங்பெமி இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர். இயற்கையோடு வாழும் மனிதர் தன் நியாயமான தேவைக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது அவருடைய அறத்தின் அடிப்படை. அத்தோடு அவர் நிறுத்தவில்லை. எங்கள் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள், கெடுதி முழுவதும் வெளியிலிருந்து வந்தது என்ற ஆறுதலை அவர் ஏற்கவில்லை. அறியாமையும் வறுமையும் பழைய பழக்கங்கள் சிலவும்கூட ஆபிரிக்காவின் சூழலைக் கெடுத்தன என்று தன் மக்களுக்கே முகத்துக்கு நேரே சொன்னார். எங்களுக்கும் இந்த நேர்மை வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டியிருக்கின்றன. அளவு கடந்த யூரியாவும் கிணற்றுக்கு அருகே கட்டிய மலகூடக் குழியும் அதற்கு முக்கிய காரணங்கள். அவற்றை வெளியார் யாரும் வந்து செய்யவில்லை.

மரம் நட்டவர், அடி வாங்கியவர்

சிந்தனை இருந்தால் போதுமா, அதைக் கொண்டு யார் என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வங்காரி மாத்தாயைப் பார்ப்போம்.

1940இல் கென்யாவின் மலைநாட்டில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது வீட்டுக்கு அருகே ஒரு பெரிய அத்தி மரம் நின்றது. அது கடவுளின் மரம், அதிலிருந்து விறகு பொறுக்கக்கூடாது என்று தாய் சொல்லியிருந்தார். அந்த மரத்தின் அருகிலிருந்து ஓர் ஓடை கிளம்பி ஓடியது. பிற்காலத்தில் அந்தக் காணி கைமாறி, அத்தி வெட்டப்பட்டு, அங்கே தேயிலை நடப்பட்டது. ஓடை வற்றிவிட்டது. அத்தியின் ஆழமான வேர்கள் பாறையைப் பிளந்து நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்தன என்பதை உயிரியல் படித்துப் பேராசிரியையான பிறகு அவர் விளங்கிக்கொண்டார். தாயின் கட்டளைக்குப் பின்னால் ஒரு நீர்ப் பாதுகாப்பு முறை இருந்திருக்கிறது. மரத்தின்மீது இருந்த மரியாதை போனபோது தண்ணீரும் கூடவே போனது.

1977 யூன் 5 அன்று நைரோபியில் ஏழு மரக்கன்றுகளோடு அவருடைய பசுமை வளைய இயக்கம் தொடங்கியது. நாற்றுமேடை போட்டவர்களும் நட்டவர்களும் பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். விறகு தேடி நடப்பவர்களும் தண்ணீர் சுமப்பவர்களும் அவர்கள்தான் என்பதால், காடு அழிந்த கணக்கு அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. நட்ட கன்றுக்குக் காசு இல்லை, பிழைத்த கன்றுக்கு மட்டும் சிறு தொகை. நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிற மரநடுகை விழாக்களைப் பார்த்துச் சலித்த எங்களுக்கு இந்த ஒரு விதியே பெரிய பாடம். 2004இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது அந்த இயக்கம் நட்ட மரங்கள் 3 கோடி அளவை எட்டியிருந்தன.

மரம் நடுவது சாதுவான வேலை என்று எண்ண வேண்டாம். 1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் ஆளும் கட்சிக்காக 60 மாடிக் கட்டடம் எழுப்பத் திட்டமிட்டபோது அவர் தனியாளாகக் கடிதம் எழுதி எதிர்க்கத் தொடங்கினார். நாடாளுமன்றத்திலே இழிவாகப் பேசினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 1999இல் கருரா காட்டைக் கட்டட முதலாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்ததை எதிர்த்து, உள்ளே கன்று நடப் போனவரைக் கூலியாட்கள் தலையில் அடித்து இரத்தம் சிந்த வைத்தார்கள். பொதுச் சொத்தைத் தனிச் சொத்தாக்குகிறவர்களுக்கு, அது பொதுச் சொத்து என்று நினைவுபடுத்துகிற மரக்கன்று எப்போதும் எதிரிதான்.

எண்ணெய் கலந்த கிணறுகள்

நைஜீரியாவின் ஒகோனி மக்களின் கதை எங்கள் கிணற்றடிக்கே வருகிறது. நைகர் டெல்ராவில் வாழும் அவர்களுடைய மண்ணில் 1950களின் இறுதியிலிருந்து ஷெல் நிறுவனம் எண்ணெய் எடுத்தது. வயலும் கழிமுகமும் எண்ணெய்க் கசிவால் நாசமாகின. எழுத்தாளர் கென் சரோ-விவா 1990இல் ஒகோனி மக்களின் உரிமை இயக்கத்தைக் கட்டி எழுப்பினார். 1993 ஜனவரி 4ஆம் திகதி ஏறத்தாழ 3 இலட்சம் பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். மொத்த ஒகோனி மக்கள் தொகையே 5 இலட்சம் அளவுதான். அந்த ஆண்டே ஷெல் அங்கிருந்து உற்பத்தியை நிறுத்தியது. 1995 நவம்பர் 10 அன்று இராணுவ அரசு சரோ-விவாவையும் மற்ற எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது.

2011இல் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் தன் ஆய்வறிக்கையை வெளியிட்டது. ஓர் இடத்தில் கிணறுகளுக்கு ஊறும் நிலத்தடி நீரின்மேல் 8 சென்றிமீற்றர் தடிப்புக்கு எண்ணெய் மிதந்தது. அதே இடத்துக் குடிநீரில் புற்றுநோய் தரும் பென்சீன் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 900 மடங்குக்கும் மேல் இருந்தது. முழுதாகத் துப்புரவாக்க 25 முதல் 30 வருடங்கள் ஆகலாம் என்றது அறிக்கை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். அனல் மின் நிலைய வளாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது வெளிச்சத்துக்கு வந்து, 2015இன் தொடக்கத்தில் மக்கள் தெருவுக்கு இறங்கினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதித் தீர்ப்பு, மாசாக்கியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தி, அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. ஒகோனியின் அழிவுக்கும் சுன்னாகத்துக்கும் அளவில் மிகப் பெரிய வித்தியாசம் உண்டு. நிலத்தடி நீரின் நடத்தை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஊரின் ஒரு மூலையில் ஊற்றியது, ஊர் முழுவதும் குடிக்கும் தண்ணீரைத் தேடி வருகிறது. சுன்னாகத்தின் சுண்ணாம்புக் கல்லில் இருப்பதைவிட மெல்லிய நன்னீரை நம்பியிருக்கும் தீவுகளில் அப்படியொரு தவறு நடந்தால், மாற்றாக ஓடிப்போய் அள்ள இன்னொரு கிணறு இருக்காது.

கடலில் யார் அயலவர்?

நிலத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் கடலை விட முடியாது. பாக்கு நீரிணையில் இழுவைமடி அடித்தளத்தை வாரிக்கொண்டு போகிறது. மீன் குஞ்சும் முட்டையும் கடற்புல்லும் ஒன்றாக வருகின்றன, தீவுக் கரை மீனவரின் வலைகளையும் அது அறுத்துப் போகிறது. இலங்கை 2017 யூலையில் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகளான றோலர்கள் நிற்கவில்லை.

இங்கே மனம் நோகிற சிக்கல் ஒன்று உண்டு. எங்கள் வலையை அறுப்பவர்கள் எங்கள் மொழி பேசுகிறவர்கள். நெடுந்தீவுப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வரும் கச்சதீவில் அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரையாரும் ஒன்றாகக் கூடிக் கும்பிடுகிறார்கள். இராமேசுவரத்துக் கூலி மீனவருக்கும் கடன் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். றோலரின் உரிமையாளர் வேறொருவர்.

சமூகத்தால்தான் மனிதர் என்ற சிந்தனை இந்த இடத்தில் பலவீனமாகிவிடுமோ? நான் அப்படி நினைக்கவில்லை. உறவு என்பது தீங்கை மன்னித்து விடுவதற்கான சாட்டு இல்லை, தீங்கை நிறுத்தச் சொல்லும் உரிமை உறவுக்குத்தான் கூடுதலாக உண்டு. விரெடு ஆபிரிக்க ஊர்ச்சபைகளைப் பற்றி எழுதும்போது, தலைக்கணக்கு எண்ணித் தோற்கடிப்பதைவிட, எல்லோரும் ஏற்கும்வரை பேசிக்கொண்டே இருப்பதை உயர்வாக வைத்தார். 2010 ஓகஸ்டில் இரு கரை மீனவர்களும் தமிழ்நாட்டில் கூடிப் பேசி, ஒரு வருடத்துக்குள் இழுவைமடியை நிறுத்தும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் கடலை நம்பி வாழ்கிறவர்கள் நேருக்கு நேர் இருந்தபோது, இழுவைமடி நிற்க வேண்டும் என்பதில் அவர்களால் ஒன்றுபட முடிந்தது என்பதை நான் சிறிதாக எண்ணவில்லை.

எங்கள் ஊரில் என்ன செய்யலாம்

1980களின் தொடக்கத்தில் புர்க்கினா பாசோ நாட்டு விவசாயி யாக்குபா சவடோகோ, கல்லாய்ப் போன தரையில் கோடையிலேயே சிறு குழிகள் வெட்டி எருவிட்டு வைத்தார். வந்த மழை ஓடாமல் அந்தக் குழிகளில் இறங்கியது. கம்பு விளைந்தது, பின்னர் காடே வளர்ந்தது. முதலில் அயலவர் அவரைப் பைத்தியம் என்றார்கள். 2018இல் உலகம் விருது கொடுத்தது. எங்களுக்கும் முதல் வேலை இதுவே. மாரிக்கு முன்னர் குளத்தையும் கேணியையும் தூர்வாரி, மழையைக் கடலுக்கு ஓடவிடாமல் நிலத்துக்குள் இறக்க வேண்டும்.

இரண்டாவது, கிணறு பற்றிய ஊர்க் கட்டுப்பாடு. ஆழக் குழாய்க்கிணறு அடிப்பதும், பவுசரில் தண்ணீர் அள்ளி விற்பதும் ஊர் கூடிப் பேசி முடிவெடுக்கும் விடயங்களாக வேண்டும். உவர்த்தன்மையை அளக்கும் சிறு கருவி ஒன்றை ஊர்ப் பாடசாலைக்கு வாங்கிக் கொடுத்தால், மாணவர்கள் மாதம் ஒருமுறை கிணறுகளை அளந்து நூலகச் சுவரில் எழுதிவிடுவார்கள். இலக்கம் எல்லோர் கண்ணிலும் படும்போது சண்டை குறையும், அளவு வரும்.

மூன்றாவது, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு. 1990களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த பிறகு திரும்பாத குடும்பங்களின் வளவுகள் தீவெங்கும் பற்றையாகக் கிடக்கின்றன, கிணறுகள் இடிந்து தூர்ந்து போயின. கோபுரம் கட்ட அனுப்பும் காசில் ஒரு பங்கைக் கோயில் கேணிக்கும் உங்கள் தாத்தாவின் கிணற்றுக்கும் அனுப்புங்கள். நீங்கள் திரும்பி வராவிட்டாலும், உறுதியில் பெயர் இருக்கும்வரை காக்கும் பொறுப்பும் உங்களுடையது.

கடல்நீரையும் உவர்நீரையும் நன்னீராக்கும் இயந்திரங்கள் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இயந்திரங்கள் தேவைதான், பல வீடுகளில் இன்று குடிக்கும் தண்ணீரே அதுதான். ஆனால் அதற்கு மின்சாரமும் உதிரிப் பாகமும் காசும் வேண்டும். படகு ஓடாத நாளில், மின்சாரம் நின்ற நாளில், கையில் காசில்லாத வீட்டுக்குக் கிணறுதான் மிச்சம். அந்தக் கிணற்றில் நன்னீர் இருக்குமா என்பதை அரசாங்கமோ கம்பனியோ தீர்மானிக்காது. ஒரே நன்னீரின்மேல் வீடு கட்டியிருக்கும் அயலவர்கள் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே அதைத் தீர்மானிக்கும். மாத்தாய் ஏழு கன்றுகளோடு தொடங்கியபோது எந்த அமைச்சிடமிருந்தும் உத்தரவு வந்திருக்கவில்லை. ஐப்பசி பிறக்குமுன் ஊரில் ஒரு கூட்டம் கூட்டுங்கள். முதலில் தூர்வார வேண்டிய குளம் எது என்ற ஒன்றை மட்டும் அன்று தீர்மானித்தால் போதும்.